பிராங்க்ளின் இடித்த கரை

பிராங்க்ளினைப் பற்றிச் சொல்வதற்கு முன் ஒன்றை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். போன வருடம் நான் அவனைத் திட்டாத வாரம் கிடையாது. நேரில் திட்டினேன், போனில் திட்டினேன், அவன் இல்லாத இடத்தில் இன்னும் நன்றாகத் திட்டினேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இருபத்தொரு வருடம் துபாயில் ஒரு மீன் குளிர்கிடங்கில் சூப்பர்வைசர். அந்த மெஷின் சத்தத்தில் கத்தினால்தான் பக்கத்தில் நிற்பவனுக்கே கேட்கும். அந்தப் பழக்கம் ஊருக்கும் என்னோடு வந்துவிட்டது.

பிராங்க்ளின் தருமபுரத்துக்காரன், பொக்லைன் ஆபரேட்டர். நாற்பத்தொரு வயது, ஒல்லி, வாய் பேசுவது குறைவு. பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்டுவிட்டு, ஒரு மண் லாரியில் கிளீனராக ஏறினான். சுனாமி வந்தபோது அவனுக்கு இருபது வயது. கடற்கரை ஊர்களில் இடிபாடு அள்ள வந்த மெஷின் ஒன்றில் உதவியாளாகச் சேர்த்துவிட்டார்கள். பக்கெட் மண்ணில் இறங்குவதற்கு முன்னால் நடந்து போய், கீழே யாராவது கிடக்கிறார்களா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அதுதான் வேலை. என்ன பார்த்தான் என்று அவன் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஆபரேட்டர் ஆகி, எத்தனையோ குளமும் வாய்க்காலும் வெட்டிய பிறகும், புது இடத்தில் பக்கெட்டைப் போடுவதற்கு முன் இறங்கி ஒரு சுற்று நடந்து பார்ப்பது அவனை விட்டுப் போகவில்லை.

என் மீன் குளத்தை வெட்டியது அவன்தான். அம்பகரத்தூர் போகிற சாலையிலிருந்து உள்ளே, ஆற்றை ஒட்டி என் வாப்பா விட்டுப்போன நிலம். மெஷின் வந்து நின்ற அன்று, பிராங்க்ளின் ஐயா இறங்கிப் புல்லை விலக்கி விலக்கி நடந்துகொண்டிருக்கிறார். அரை மணி ஆயிற்று. "தம்பி, தங்கம் ஏதும் கெடக்குதா?" என்றேன். அவன் இரண்டு ஆமைகளைக் கைக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு வந்து, வாய்க்காலில் விட்டுவிட்டு, மெஷினில் ஏறினான்.

அந்தக் குளம் எனக்கு ஏன் முக்கியம் என்று சொல்ல வேண்டும். எனக்கும் மெஹர் பானுவுக்கும் கல்யாணம் ஆகி இருபத்திரண்டு வருடம். அதில் நாங்கள் ஒரே வீட்டில் இருந்த நாட்களைச் சேர்த்துப் பார்த்தால் மூன்று வருடம்கூடத் தேறாது. குளம் நின்றுவிட்டால் நான் ஊரிலேயே நின்றுவிடலாம். நிற்காவிட்டால் திரும்பிப் போக வேண்டியதுதான். துபாய் மேனேஜர் நல்ல மனிதர், என் இடத்தை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார். "அடுத்த ஹஜ் பெருநாளுக்குள்ள சொல்லிடு இக்பால்" என்றார். அதற்குள் ஒரே ஒரு அறுவடைதான் எடுக்க முடியும்.

ஆடியில் கட்லா, ரோகு குஞ்சுகளை விட்டேன். புரட்டாசி வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஒரு காலையில் கரையில் பாதி தின்ற ரோகுத் தலை கிடந்தது. மறுநாள் மூன்று. அதற்கடுத்த நாள் செதிலும் நண்டு ஓடும் கலந்த எச்சம், குடலைப் புரட்டுகிற நாற்றம். பக்கத்துக் குளத்துத் தெட்சிணாமூர்த்தி வந்து பார்த்த உடனே சொல்லிவிட்டார்.

"நீர்நாய்ங்க. கும்பலா வரும். எனக்கும் ஆரம்பிச்சிடுச்சு."

"என்னங்க செய்யிறது?"

அவர் வேட்டி மடிப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். வயலுக்கு அடிக்கிற மருந்து. நாலு மீனைக் கீறி உள்ளே வைத்துக் கரையில் போட்டால் ஒரே நாளில் முடிந்துவிடும் என்றார். அது சட்டப்படி குற்றம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். நான் வாங்கி மோட்டார் கொட்டகையில் வைத்தேன். பொய் சொல்ல மாட்டேன், வைப்பதென்றே முடிவு செய்திருந்தேன். அதற்கு முன் ஒரு தடவை பிராங்க்ளினைத் திட்டிவிடலாம் என்று போன் போட்டேன். ஆற்றை ஒட்டிக் குளம் வெட்டாதே என்று சொல்லியிருக்க வேண்டியவன் அவன்தானே. நிலம் அங்கேதான் இருந்தது என்பதெல்லாம் கோபத்தில் யாருக்கு ஞாபகம் வரும்.

அவன் மறுநாள் காலை வந்தான். நான் வாய்க்கு வந்தபடி பேசி முடிக்கும் வரை நின்றான். பிறகு, "தப்பு என் மேலதான் பாய்" என்றான். எனக்குச் சப்பென்று போய்விட்டது. சண்டைக்கு வந்தவனிடம் இப்படி ஒத்துக்கொண்டால் எப்படித்தான் திட்டுவது?

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னான். அந்த வருடம் சித்திரையில், நான் குஞ்சு விடுவதற்கு முன், மேட்டூர்த் தண்ணீர் வருவதற்குள் ஆற்றைத் தூர்வாருகிற வேலை. என் குளத்துக்குக் கொஞ்சம் மேலே, ஆறு வளைகிற இடத்தில், நாணல் அடர்ந்த உயரமான கரை. வேலை பின்தங்கிவிட்டது என்று காண்டிராக்டரின் ஆள் பின்னால் நின்று விரட்டிக்கொண்டே இருந்திருக்கிறான். அன்று ஒரு நாள் பிராங்க்ளின் இறங்கிப் பார்க்கவில்லை. முதல் பக்கெட்டில் கரை சரிந்தது, உள்ளே குழி. நீர்நாய் ஒன்று குட்டியை வாயில் கவ்விக்கொண்டு வெளியே ஓடி, எதிர்க்கரையில் வைத்துவிட்டுத் திரும்பி வந்து, மண்ணைப் பிறாண்டிக்கொண்டு நின்றிருக்கிறது.

"உள்ள இன்னொன்னு இருந்திருக்கும் போல பாய். நான் எறங்கித் தோண்டிப் பார்த்தேன். கெடைக்கல."

நாணலையும் வாரி, வெயில் காலத்திலும் தண்ணீர் நிற்கிற மடுவையும் நிரவி, ஆற்றை வழவழவென்று சமமாக்கிவிட்டு வந்தார்கள். சர்ச்சில் பாவசங்கீர்த்தனம் செய்தபோதுகூட இதைச் சொல்லியிருக்கிறான். சாமியார் மூன்று தடவை 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லச் சொன்னாராம். "மூணுல தீருற காரியமா பாய் அது?" என்று என்னிடம் கேட்டான்.

"அதுக்கு வீடும் இல்ல, தீனியும் இல்ல. அதான் இங்க வருது" என்றான்.

"அதுக்காக என் மீனத் திங்கணுமா?"

அவன் ஆற்றுப் பக்கம் இறங்கிப் போனான். ஆற்றங்கரையிலிருந்து கால்தடத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடி நடக்க ஆரம்பித்தான். நானும் பின்னாலேயே போனேன். விரல்களுக்கு நடுவே தோல் ஒட்டிய தடம், ஈர மண்ணில் தெளிவாக இருந்தது. அது குளத்துக்குப் போகும் என்று நினைத்தேன். போகவில்லை. குளக்கரைக்கு வெளியே, மதகுக்குப் பக்கத்தில் கிடந்த ஒரு தட்டைக் கல்லுக்கு நேராகப் போயிற்று. கல்லைச் சுற்றிலும் நீர்நாயின் பழைய எச்சம், புது எச்சம். அங்கேயிருந்துதான் ஒரு தடம் குளத்துக்குள் இறங்கியது.

"பாய், இந்தக் கல்லுல என்னா வைக்கிறீங்க?"

என் முகத்தில் ஈயாடவில்லை. துபாயில் இருந்த காலமெல்லாம் சதக்கா, அதாவது தருமம் என்றால் ஊருக்குப் பணம் அனுப்புவதோடு சரி. ஊர் வந்த பிறகு கையால் செய்ய வேண்டும் என்று ஆசை. வெள்ளிக்கிழமை தோறும் ஜும்ஆ தொழுகைக்குப் போவதற்கு முன் வீட்டுக்கு மீன் பிடித்து அங்கேயே அறுப்பேன். தலை, குடல், செதில் எல்லாவற்றையும் அந்தக் கல்லில் வைத்துவிடுவேன். காக்காயும் பூனையும் தின்னட்டும், வாயில்லா ஜீவனுக்குக் கொடுத்தால் நன்மைதானே. இடையில் செத்து மிதக்கிற மீனும் அதே கல்லுக்குத்தான் போகும். மனதுக்குள் எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

வீட்டுக்குப் போய் மெஹர் பானுவிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். அவள் கைவேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். மருந்துப் பொட்டலம் அவள் கண்ணில் முன்பே பட்டிருந்தது.

"விருந்து வெச்சுக் கூப்பிட்டதும் நீங்க, வெஷம் வெக்கப் போறதும் நீங்களா மச்சான்?"

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது. சாயங்காலமே போய், ஆற்றுக்கரை இடிந்த கதையையும் சொல்லி, பொட்டலத்தைத் தெட்சிணாமூர்த்தியிடம் திருப்பிக் கொடுத்தேன். அவர் சிரித்தார்.

"சரிங்க, உங்க இஷ்டம். வர்ற தூர்வாரல் வரைக்கும் நானும் பொறுத்துக்கிறேன். மறுபடி கரையப் பேர்த்துவுட்டு அதுங்க மொத்தமா இங்க எறங்குச்சுன்னா, அப்ப நான் உங்களக் கேட்டுக்கிட்டு இருக்க மாட்டேன்."

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் பிராங்க்ளின் என் குளத்துக்கு வந்துவிடுவான். கல்லில் வைக்கிற வழக்கத்தை முதலில் நிறுத்தினோம். மீன் கழிவு எல்லாம் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடல். அடுத்தது வேலி. அவன் சொல்வதற்குள் நானே கெட்டிக்காரத்தனமாக மெல்லிய நைலான் நரம்பு வலை வாங்கிக் கட்டிவிட்டேன். மூன்றாம் நாள் அதில் ஒரு நீர்க்காகம் சிக்கிச் செத்துத் தொங்கியது. பிராங்க்ளின் வந்து பார்த்தான், கத்தியை எடுத்து வலை முழுவதையும் அறுத்து எறிந்தான். அவன் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

திருவேட்டக்குடியில் மீனவர்கள் கழித்துப் போட்டிருந்த தடித்த இழுவலையை லாரியில் ஏற்றி வந்தான். சவுக்குக் கழி நட்டு, மெஷினின் சிறிய பக்கெட்டால் குளத்தைச் சுற்றி ஒன்றரை அடிக்குப் பள்ளம் எடுத்து, வலையின் அடிப்பாகத்தை மண்ணுக்குள் புதைத்தோம். மேலே ஏறிக் குதிக்கிறதைவிடக் கீழே தோண்டி வருவதுதான் அதற்குச் சுலபம் என்றான். எங்கே படித்தாய் என்றேன். "அதுவும் மண்ணு தோண்டுற ஜாதிதானே பாய்" என்றான். அவன் பேசிய ஒரே நகைச்சுவை அது, அதையும் சிரிக்காமல்தான் சொன்னான். தெட்சிணாமூர்த்தி குளத்துக்கும் அதே மாதிரி போட்டுக் கொடுத்தான்.

தலைகள் கிடப்பது நின்றது. ஐப்பசி முழுக்க ஒன்றுமில்லை. நானும் நிம்மதியாகத்தான் இருந்தேன். கார்த்திகைக் கடைசியில் நாலு நாள் விடாத மழை. ஆற்று வெள்ளம் ஏறி, வேலியின் ஒரு பக்கம் கரையோடு சாய்ந்துவிட்டது. வெள்ளம் வடிகிற மூன்று நாளும் அவை வந்தன, பட்டப்பகலிலேயே வந்தன. குடையைப் பிடித்துக்கொண்டு நின்ற என் கண் முன்னால் ஒன்று மல்லாந்து மிதந்தபடி, இரண்டு கையாலும் மீனைப் பிடித்துக் கடித்தது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மீதியையும் தின்றது. வயிறு எரிந்தது எனக்கு. பிராங்க்ளினுக்குப் போன் போட்டு நான் பேசியதை இங்கே எழுத முடியாது. அடுத்த போன் துபாய்க்கு. மேனேஜர் எடுத்ததும், சும்மா நலம் விசாரிக்கத்தான் கூப்பிட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அருகில் மெஹர் பானு நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் புரியாதா என்ன.

பிராங்க்ளின் மழையிலேயே வந்து கரையை அணைத்தான். நான் போனில் பேசியதை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் மன்னிப்புக் கேட்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன்.

மாசி மாதம் ஒரு நாள் காலையில், "பாய், அஞ்சு நிமிஷம் வாங்க" என்று என்னை ஆற்று வளைவுக்குக் கூட்டிப் போனான். அவன் இடித்த கரைதான். பத்து மாதத்தில் நாணல் மறுபடி ஆளுயரம் வந்திருந்தது. வெள்ளம் ஒரு பக்கம் அரித்துச் சின்ன மடுவும் விழுந்திருந்தது. உட்கார்ந்திருந்தோம். முதலில் விசில் மாதிரி ஒரு சத்தம். பிறகு நாணலிலிருந்து வரிசையாக இறங்கின. பெரியது இரண்டு, குட்டிகள் மூன்று. குட்டிகளுக்குத் தண்ணீருக்குள் இறங்கப் பயம். தாய் ஒவ்வொன்றாகக் கழுத்தைப் பிடித்து உள்ளே போட்டது. மேலே வந்ததும் அவை கத்திய கத்தல் இருக்கிறதே, என் தம்பி மகள் நௌஷினைக் குளிக்க வைக்கும்போது கேட்கிற அதே கத்தல். தாய் மடுவில் ஒரு ஜிலேபி மீனைப் பிடித்துக்கொண்டு வந்து முன்னால் போட்டது. எனக்கு அவற்றைப் பிடித்துவிட்டது. என் மீனைத் தின்ற கழுதைகளைப் பிடித்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது.

பிராங்க்ளின் குட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தான். "அதே தாய்தானான்னு தெரியல பாய்" என்றான். அந்த இன்னொரு குட்டி அவன் மனதைவிட்டுப் போகாது என்று எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

சித்திரை வந்தது. தூர்வாரல் வேலையும் வந்தது, அதே காண்டிராக்டர், அதே மெஷின், அதே பிராங்க்ளின். அவன் ஒரு நோட்டுத் தாளில் படம் போட்டுக்கொண்டு பொதுப்பணித் துறைப் பொறியாளரைப் போய்ப் பார்த்தான். வளைவில் தெற்குக் கரையை அறுபது மீட்டருக்குத் தொட வேண்டாம், அங்கே எடுக்க வேண்டிய மண்ணை ஆற்றின் நடுவில் ஆழமாக எடுத்துத் தருகிறேன், தண்ணீர் போகிற அளவு குறையாது, ஒரு மடுவும் கிடைக்கும் என்று. மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றாராம் அவர். பதில் வருவதற்குள் வேலை வளைவுக்கு வந்துவிட்டது.

எனக்குத் தகவல் தெரிந்து நான் ஓடியபோது காலை ஒன்பது மணி. மெஷின் நாணலுக்கு நேராக நிற்கிறது. என்ஜின் அணைந்திருக்கிறது. பிராங்க்ளின் சீட்டில் உட்கார்ந்திருக்கிறான், சாவி அவன் சட்டைப் பையில். கீழே காண்டிராக்டரின் ஆள் குதித்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு ஆர்டர் எதுவும் வரல. எடுய்யா கரைய. இல்லேன்னா எறங்கு, வேற ஆபரேட்டர் வர்றான்."

"வரட்டுங்க" என்றான் பிராங்க்ளின். "அவர் வந்தாலும் பொறியாளர் வர்ற வரைக்கும் சாவி தர மாட்டேன். வேலையவிட்டு எடுத்துடுங்க, பரவால்ல. போன தடவ நீங்க அவசரப்படுத்துனீங்க, நானும் கேட்டுட்டேன்."

அவனுக்கு இரண்டு பிள்ளைகள். அந்த சீட்டைத் தவிர வேறு வழி கிடையாது. நான் வாயைத் திறந்தேன். துபாயில் இருபத்தொரு வருடம் பழகிய வாய் அன்றைக்குத்தான் உருப்படியாக ஒரு வேலை செய்தது. ரோட்டில் போனவர்கள் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்கள். தெட்சிணாமூர்த்தியும் வந்தார். கடைமடை வயல் வைத்திருப்பவர், தூர்வாரலை நிறுத்தினால் சும்மா விடுவாரா?

அவர் நாணலைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார். காண்டிராக்டரின் ஆளிடம் சொன்னார்:

"தம்பி, அதுங்க மேல எனக்கொன்னும் பாசம் கெடையாது. ஆனா ஆத்துல இருந்தா என் கொளத்துக்கு வராது. ஒரு மாசமா வரல. அந்தக் கரைய வுட்டுரு. தண்ணிக்கி நான் பொறுப்பு."

எங்கள் இருவர் பேச்சையும்விட அந்தப் பேச்சுக்குத்தான் மதிப்பு இருந்தது. அவன் அடங்கி, போனை எடுத்துக்கொண்டு ஒதுங்கினான். பதினொரு மணிக்குப் பொறியாளர் வந்தார். டேப் பிடித்து அளந்தார், நோட்டுத் தாளைப் பார்த்தார், நடுவில் எவ்வளவு ஆழம் எடுப்பாய் என்று இரண்டு முறை கேட்டார். பிறகு காரின் பானெட்டில் வைத்தே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பிராங்க்ளின் சாவியைப் போட்டான். கை நீட்டி அந்தப் பக்கத்து நாணலில் ஒரு தட்டை முறியாமல் நடு ஆற்றில் மண் எடுத்ததை இரண்டு நாள் நான் அங்கேயே உட்கார்ந்து பார்த்தேன்.

வைகாசியில் ஹஜ் பெருநாளுக்கு எட்டு நாள் முன்னால் குளத்தில் வலை இழுத்தோம். பிராங்க்ளினும் லீவு போட்டுவிட்டு வந்து ஒரு முனையைப் பிடித்தான். நான் கனவு கண்ட அளவுக்கு மீன் இல்லை. கார்த்திகை வெள்ளத்தில் போனது போனதுதான். ஆனால் அடுத்த குஞ்சு விட, குடும்பம் நிற்க, போதும். வலை கரைக்கு வந்ததும் முதலில் அதைச் சொன்னவன் பிராங்க்ளின்தான். "நின்னுக்கலாம் பாய்" என்றான். போன கார்த்திகையில் பேசியதற்கு அப்போதுதான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன், எல்லார் முன்னாலும் கேட்டேன். அவன் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் வலையை உதறிக்கொண்டிருந்தான்.

சேற்றுக் கையோடு துபாய்க்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். மேனேஜர், "எப்போ வர்றே இக்பால்?" என்றார்.

"வரல சார். என் இடத்த வேற ஆளுக்குக் குடுத்துடுங்க."

மெஹர் பானு மீனைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. கை மட்டும் நின்றது. மீனைப் பார்த்தபடியே கேட்டாள்.

"மச்சான், பெருநாள் கழிஞ்சு வாசல்ல ஒரு மாமரம் வெக்கலாமா? காய்க்க அஞ்சாறு வருஷம் ஆகும்."

"வெக்கலாம்" என்றேன்.